தலபுராணத்தின் புதிய பதிப்புகள்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வரலாற்று மன்றங்கள் பெருகிவிட்டன. பேரவை, ஆய்வு நடுவம், தொன்மைக் காப்புக் குழு, மரபு நடை நண்பர்கள் எனப் பெயர்கள் பலவாயினும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாழடைந்த கோயிலுக்கோ பாறை ஓவியத்துக்கோ செல்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், மருந்துக்கடைக்காரர், வழக்கறிஞர், கல்லூரி மாணவர் எனப் பலதரப்பட்டவர்கள் தம் கைப்பணத்தைச் செலவழித்து இதைச் செய்கிறார்கள். கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கிய பின்னர் இந்த ஆர்வம் பன்மடங்காயிற்று. அங்கு 2023-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு பானை ஓட்டைப் பார்க்கக் குடும்பத்தோடு பேருந்தேறி வரும் சமூகமாக நாம் மாறியிருப்பது எளிய செய்தியன்று.

இந்த ஆர்வத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் இந்த ஆர்வம் எதை எழுதுகிறது, எதை எழுத மறுக்கிறது என்பதை யாரேனும் கேட்டாக வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் என் கைக்கு வந்து சேர்ந்த ஊர் வரலாற்று மலர்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நாம் எழுதிக்கொண்டிருப்பது வரலாறு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்துபோனதாக நாம் நினைத்த தலபுராணம் புதிய பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. இம்முறை உரைநடையில், வண்ணப் படங்களோடு, ஆண்டுக் கணக்கோடு.

தலபுராணம் என்ற இலக்கிய வகையின் மீது எனக்குக் காழ்ப்பில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஒருவரே இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியிருக்கிறார். ஊராரும் கோயிலாரும் கேட்டுக்கொண்டார்கள், அவர் பாடிக் கொடுத்தார், அரங்கேற்றம் நடந்தது, சன்மானமும் மரியாதையும் செய்தார்கள். அது காவியம். காவியத்திடம் சான்று கேட்பவன் மூடன். மண்டல சதகங்களும் அப்படியே. தொண்டை மண்டலத்தின் பெருமையை நூறு பாட்டில் பாடுகிறவரிடம் அம்மண்டலத்தின் பஞ்சங்களைப் பற்றி ஏன் பாடவில்லை என்று கேட்க முடியாது. பெருமை பாடுவதற்கென்றே ஏற்பட்ட வடிவம் அது.

தலபுராணத்தின் இலக்கணம் என்ன? முதலாவது, தன் ஊரே பிற எல்லா ஊர்களினும் பழையது. இரண்டாவது, வர வேண்டியவர்கள் எல்லாரும் அவ்வூருக்கு வந்திருக்கிறார்கள்: இந்திரன் வந்தான், பிரமன் வந்தான், காக்கையும் நாரையும்கூட வந்து முத்தி பெற்றன. மூன்றாவது, அவ்வூரில் தீமை நிகழ்ந்ததே இல்லை. நிகழ்ந்திருந்தால் அது வெளியிலிருந்து வந்த அசுரனால் நிகழ்ந்தது. நான்காவது, அவ்வூரில் நிலத்தில் இறங்கி உழைக்கிறவர்கள் நாட்டுப் படலத்தின் வருணனையில் மட்டுமே தென்படுவார்கள். கதைக்குள் அவர்களுக்கு இடமில்லை.

இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஏதேனும் ஓர் ஊர் வரலாற்று மலரைப் புரட்டிப் பாருங்கள். முதற்பக்கத்திலேயே ஊர் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையதாகிவிடும். ஒரு முதுமக்கள் தாழியின் விளிம்பு கிடைத்திருந்தால் போதும், மூவாயிரமும் ஆகும். இந்திரனும் பிரமனும் இருந்த இடத்தில் இராசராசனும் இராசேந்திரனும் வந்து நிற்பார்கள். அசுரனுக்குப் பதிலாக மாலிக் காபூர். அவன் வருகைக்கு முன்னும் பின்னும் ஊரில் எல்லாரும் ஒற்றுமையாய் வாழ்ந்திருப்பார்கள். சேரி என்ற சொல் எங்கும் வராது. இறுதிப் பக்கங்களில் மலருக்கு விளம்பரம் கொடுத்த நகைக்கடையும் திருமண மண்டபமும் இருக்கும். பாட்டுடைத் தலைவனைப் போற்றும் மரபு அப்படித்தான் தொடர்கிறது.

வேறுபாடு ஒன்று உண்டு. தலபுராணம் தன்னைப் புராணம் என்று சொல்லிக்கொண்டது. இவை தம்மை வரலாறு என்று சொல்லிக்கொள்கின்றன.

*

ஊரின் பழமையைச் சொல்கிறவருக்கு அதில் ஓர் அக்கறை இருக்கும் என்பது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையன்று. காலின் மெக்கன்சி (1754–1821) தென்னிந்தியா முழுவதும் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டினார். திரட்டியவர் அவர் என்று சொல்கிறோமே தவிர, ஊர் ஊராக அலைந்து கர்ணங்களிடமும் கோயிலாரிடமும் பேசி எழுதி வாங்கியவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி இலட்சுமய்யா போன்ற உள்ளூர் அறிஞர்கள். அத்தொகுப்பின் ஒரு பகுதி சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் கைபீதுகளைப் படிக்கும்போது ஒன்று புலப்படும். தம் மானிய நிலம் பறிபோகுமோ என்ற அச்சத்தில் இருந்தவர்கள், தம் பாளையத்தின் எல்லையை நிலைநாட்ட விரும்பியவர்கள், கோயிலில் முதல் மரியாதை கோரியவர்கள் ஆகியோரே பெரும்பாலும் அந்த வரலாறுகளைச் சொன்னார்கள். ஊரின் கடந்த காலத்தைச் சொல்லும் குரலுக்குப் பின்னால் ஓர் உரிமைக் கோரிக்கை இருந்தது.

இருநூறு ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதும் மாறவில்லை. மானிய நிலத்தின் இடத்தில் இப்போது சாதிப் பெருமை இருக்கிறது. இராசராசன் எந்தச் சாதி என்ற கேள்விக்கு விடை சொல்லாத வட்டாரம் தமிழ்நாட்டில் அரிது. ஐப்பசிச் சதய நாளில் தஞ்சையில் மாலையிட வருகிற அமைப்புகளின் பட்டியலைப் பார்த்தால் அம்மன்னன் எத்தனை குலத்தில் பிறந்திருக்கிறான் என்று கணக்கெடுக்கலாம். மன்னர்களுக்கு மரியாதையாகக் கல்வெட்டில் வரும் ‘தேவர்’, ‘உடையார்’ முதலிய சொற்களைப் பிடித்துக்கொண்டு இன்றைய சாதிப் பட்டங்களோடு முடிச்சுப் போடுவது ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனையும் கல்வெட்டு ‘உடையார்’ என்றே குறிக்கிறது என்பதை இவர்களிடம் சொல்லிப் பயனில்லை. சொன்னால் இறைவனுக்கும் சாதிச் சான்றிதழ் வாங்கி வந்துவிடுவார்கள்.

உடையாளூர் நல்ல எடுத்துக்காட்டு. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அவ்வூரில், பால்குளத்து அம்மன் கோயில் தூண் ஒன்றில் முதற்குலோத்துங்கன் காலக் கல்வெட்டு இருக்கிறது. இராசராசன் பெயரால் அமைந்த ஒரு திருமாளிகையின் முன்மண்டபம் பழுதடைந்ததையும் அது புதுப்பிக்கப்பட்டதையும் அது சொல்கிறது. சோழர் வரலாற்றில் ஆர்வமுள்ள எவருக்கும் அது அரிய செய்தி. அந்த மாளிகை எது, எதற்காகக் கட்டப்பட்டது, யார் பராமரித்தார்கள் எனத் தொடர்ந்து ஆராயத்தக்க செய்தி. ஆனால் அந்தக் கல்வெட்டு மன்னனை அடக்கம் செய்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாமோ அவ்வூரிலேயே மன்னனின் சமாதி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம். வழிபாடு தொடங்கியது, பதாகைகள் வந்தன, தலைவர்கள் வந்தார்கள். 2019-இல் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, அங்கே ஆய்வு நடத்துமாறு தொல்லியல் துறைக்கு உத்தரவும் பிறந்தது. கல்வெட்டு சொன்னது ஒன்று, நாம் கேட்க விரும்பியது வேறொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஊராருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வரலாற்று ஆர்வலர்கள். அவர்களிற் பலர் மாலையோடு முன்வரிசையில் நின்றார்கள்.

*

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. இதற்கு நேர்மாறான ஒரு மரபும் நம்மிடம் இருக்கிறது. அதையும் பெரிதும் உள்ளூர் மனிதர்களே வளர்த்தார்கள்.

1886-இல் ஹுல்ட்ஷ் அரசுக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்டு, 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வெளிவந்ததிலிருந்து நமக்கு ஒரு முறைமை கிடைத்தது. கல் எங்கே இருக்கிறது, எந்தச் சுவரில் எந்தப் பக்கம், எத்தனை வரி, எங்கே சிதைந்திருக்கிறது, எந்த எழுத்து ஐயத்துக்குரியது என்று முதலில் பதிவு செய்வது. பொருள் சொல்வதை அதன் பின்னர் வைத்துக்கொள்வது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929-இல் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடத்தை ஒரே நூலாக வெளியிட்டது. ஒரு சிறு சமஸ்தானம் செய்த காரியம் அது. இன்றுவரை ஆய்வாளர்களுக்குச் சோறு போடுகிறது. 1972-இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை செங்கம் வட்டார நடுகற்களைத் தொகுத்து வெளியிட்டபோது, மன்னர்களின் மெய்க்கீர்த்திகளுக்கு வெளியே, மாடு மீட்டும் ஊர் காத்தும் இறந்துபோன சாதாரண மனிதர்களின் பெயர்கள் முதன்முறையாகப் பெருந்தொகையாக நமக்குக் கிடைத்தன.

1991-இல் தமிழகத் தொல்லியல் கழகம் தோன்றியது. அதன் இதழான ‘ஆவணம்’ எனக்கு ஒரு கோயில் போன்றது. எங்கோ ஒரு சிற்றூரில் இருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்மாய் மதகில் நாலு வரிக் கல்வெட்டைப் பார்க்கிறார். படி எடுக்கிறார், பாடம் எழுதுகிறார், இடத்தைக் குறிக்கிறார், அனுப்புகிறார். அச்சாகிறது. ஆரவாரம் இல்லை. ‘உலகமே வியக்கும்’ என்ற சொற்றொடர் இல்லை. பின்னால் வருகிற ஆராய்ச்சியாளன் அதை எடுத்துச் சரிபார்க்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது, நாலு நாலு வரியாக.

2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தார்கள். ஒன்றில் ‘ஆகோள்’ என்ற சொல் இருக்கிறது. தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின் துறையாக ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற சொல் கல்லில் ஒருவனுடைய சாவோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தபோது தமிழ் கற்பிக்கும் எவருக்கும் உண்டாகியிருக்கக்கூடிய சிலிர்ப்பைச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சிலிர்ப்புக்குப் பெருமையும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தப் பெருமை சான்றுக்குப் பின்னால் வந்தது.

*

ஒரு வரலாற்று மன்றம் உண்மையில் வரலாற்று மன்றமா என்பதை அறிய நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. தனக்குப் பிடிக்காத கல்வெட்டை அது என்ன செய்கிறது?

தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலத்தில் வரி நீக்கப்பட்ட பகுதிகளைப் பட்டியலிடும்போது ‘பறைச்சேரி’, ‘கம்மாணச்சேரி’ என்பவற்றோடு ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் வருகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ட்ஷ் இதைப் பதிப்பித்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. விமானத்தின் உயரத்தையும், நிழல் தரையில் விழாது என்ற கட்டுக்கதையையும் அச்சிடுகிற விழா மலர்களில் இந்தச் சொல்லை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? திருப்பாம்புரத்தில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1201-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு வெள்ளாளர் தம் இரு மகள்களோடு கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. விலையும் அதில் எழுதியிருக்கிறது. சோழர் காலத்தைப் பொற்காலம் என்று ஒரே வீச்சில் எழுதுகிறவர் இந்தக் கல்லின் முன் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டாமா?

பொற்காலம் என்பதை மறுப்பதற்காக இவற்றை நான் எடுத்துச் சொல்லவில்லை. பெரிய கோயிலைக் கட்டிய அரசும் தீண்டாச்சேரியைக் கணக்கில் எழுதி வைத்த அரசும் ஒன்றே. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும் அவர்கள் வந்த ஊரையும் வீட்டு வரிசையையும் பிழையின்றிக் கல்லில் வெட்டிய அதே நேர்த்தியான எழுத்தர் மரபுதான் இதையும் எழுதியது. அவர்கள் மறைக்கவில்லை. மறைப்பவர்கள் நாம்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மன்றத்தின் மலருக்காக ஒரு கட்டுரையைப் பார்த்துக் கொடுக்கும்படி என்னிடம் தந்தார்கள். ஊர்க் கோயிலில் அடிமை விற்பனையைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று பற்றிய இரு பத்திகள் அதில் இருந்தன. எழுதியவர் ஓர் இளைஞர். பாடத்தைச் சரியாகப் படித்திருந்தார். அச்சாகி வந்தபோது அந்த இரு பத்திகளும் இல்லை. கேட்டதற்கு, விழாவுக்குத் தலைமை தாங்கியவர் வருத்தப்படுவார் என்று விடை கிடைத்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு இன்று ஒருவர் வருத்தப்படுவார் என்றால், அவர் அந்தக் கடந்த காலத்துக்கு உரிமையாளர் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று பொருள். அந்த இளைஞர் இப்போது மன்றத்துக்கு வருவதில்லை.

*

பேச்சில் மறைப்பது ஒருபுறம். கல்லே மறைந்துகொண்டிருப்பது மறுபுறம். என் கோபம் பெரிதும் இதைப் பற்றியதே.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் மைப்படிகள் 1966-இல் உதகையிலிருந்து மைசூருக்குப் போயின. 2021 ஆகஸ்டில், தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்போது நம் மன்றங்களெல்லாம் தீர்மானம் போட்டன, வாழ்த்தின, இனிப்பு வழங்கின. நல்லது. ஆனால் மைசூரில் இருப்பது படி. மூலம் நம் ஊர்க் கோயிலின் அதிட்டானத்தில் இருக்கிறது. அதன் மேல் குடமுழுக்குக்குக் குடமுழுக்கு வண்ணம் பூசுகிறோம். மணலை அழுத்தத்தோடு பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்கிறோம். எழுத்தின் விளிம்பு உதிர்ந்து போகிறது. கருங்கல் தரையின் மேல் வழுவழுப்பான ஓடு பதிக்கிறோம். படிக்கட்டாகக் கிடந்த துண்டுக் கல்வெட்டு அதன் அடியில் போய்விடுகிறது. பழைய மண்டபத்தைப் பிரித்துச் சிமெண்டுக் கொட்டகை போடுகிறோம். கற்கள் வரிசை மாறிக் குவிகின்றன. உபயதாரரின் பெயரைப் புதுச் சலவைக்கல்லில் வெட்டிப் பழைய கல்வெட்டின் மீதே பதிக்கும் ஊர்களும் உண்டு.

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றி 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. சட்டங்களுக்கும் குறைவில்லை, தொன்மைச் சின்னங்களுக்கென மாநிலச் சட்டம் 1966-இலிருந்தே இருக்கிறது. ஆனால் திருப்பணி தொடங்கும் நாளில் அங்கே நின்று, ‘ஐயா, இந்தச் சுவரைத் தொடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ள ஒரு வாரம் கொடுங்கள்’ என்று கேட்கக்கூடியவர் நீதிபதி அல்லர், சென்னையிலிருக்கும் அதிகாரியும் அல்லர். அவ்வூரிலேயே வாழ்கிற ஒருவர்தான். வரலாற்று மன்றம் இருப்பதே அதற்காகத்தான். நடப்பது என்ன? திருப்பணிக் குழுத் தலைவரே மன்றத்தின் புரவலராக இருக்கிறார். அவர் தலைமையில் ‘நம் மரபைக் காப்போம்’ என்ற தலைப்பில் கருத்தரங்கு நடக்கிறது. கருத்தரங்கு நடக்கும் மண்டபத்தின் தூணில் பச்சை வண்ணம் இன்னும் காயவில்லை.

*

இன்னொன்று. பழமை என்றால் நமக்கு ஆயிரம் ஆண்டுகளாவது ஆக வேண்டும். நூறு ஆண்டு முந்தியது எதுவும் கண்ணில் படுவதில்லை. ஊரின் அ-பதிவேட்டைப் புரட்டி யாருடைய நிலம் யாரிடம் எப்போது போயிற்று என்று பார்த்த மன்றம் எத்தனை? அரசுத் தொடக்கப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை, கறையான் தின்பதற்குள், படம் எடுத்து வைத்தவர் எத்தனை பேர்? எந்த ஆண்டில் எந்தத் தெருவிலிருந்து முதற்பெண் பள்ளிக்கு வந்தாள் என்பது அதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய புரட்சி அவ்வூரில் நடந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

1876–78 தாது வருடப் பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள், இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர்கள், 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்கள், மூடிப்போன நூற்பாலையின் தொழிலாளர்கள், கண்மாயின் கழுங்கைத் திறந்து மூடிய நீர்க்காரரின் குடும்பம் — இவர்களுடைய கதைகளைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை நம் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. மரபு நடைக்குப் போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் சமணர் படுக்கையைப் பார்க்கப் போகிறார்கள். கல் இன்னும் நூறு ஆண்டு இருக்கும். அந்தக் கிழவி அடுத்த மாரிக்காலம் வரை இருப்பாள் என்பதற்கு உறுதியில்லை.

ஊர் வரலாறு எழுதுகிறவர் எந்த ஆண்டோடு நிறுத்துகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் நாயக்கர் காலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மிஞ்சினால் விடுதலைப் போராட்டத் தியாகிகளின் பட்டியல். அதற்கு மேல் வந்தால் குடிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். கூலி, குத்தகை, கோயில் நுழைவு, இரட்டைக் குவளை பற்றி எழுத வேண்டியிருக்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். நாகைப் பகுதியின் வரலாற்றை எழுதப் புகுந்த ஒருவர் சூடாமணி விகாரத்தோடு தொடங்கலாம். ஆனால் இந்த இரவைத் தாண்டிக் குதித்து முடிக்க முடியாது. முடித்தால் அது நாகைக் காரோணப் புராணத்துக்கு ஒரு பின்னிணைப்பு, அவ்வளவே.

*

எதிர்வாதங்களை அறிவேன். பெருமை இருந்தால்தானே மக்கள் காப்பார்கள் என்பது முதலாவது. ஓரளவு உண்மை. கீழடி பற்றிய பெருமிதம் இல்லாமல் அத்தனை கட்ட அகழாய்வுகளும் அருங்காட்சியகமும் வந்திருக்கா. ஆனால் பெருமை எதைக் காக்கும் என்பதைப் பெருமையே தெரிவு செய்துகொள்கிறது. மன்னன் கல்வெட்டைக் காக்கும், மடைக் கல்வெட்டை விட்டுவிடும்.

கீழடியிலிருந்தே வேறொன்றையும் கற்கலாம். முதலிரு கட்டங்களை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறையிடம் அளித்தார். 2025 மே மாதம் அதைத் திருத்தித் தருமாறு துறை திருப்பியனுப்பியது. சான்றின் அடிப்படையில் எழுதியதைத் திருத்த இயலாது என்று அவர் நின்றார். தமிழ்நாடே அவர் பக்கம் நின்றது, நானும் நின்றேன். தில்லியைப் பார்த்து நாம் சொன்னது என்ன? சான்று சொல்வதை ஏற்றுக்கொள், உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றாதே என்பதுதானே? அதே சொல்லை நம் ஊர் விழாக் குழுவைப் பார்த்தும் சொல்லும் திராணி நமக்கு வேண்டும். இல்லையெனில் நாம் கேட்டது நீதியன்று, நம் பக்கத்துத் தீர்ப்பு.

இரண்டாவது எதிர்வாதம், நீங்கள் கல்லூரிக்காரர்கள் என்ன செய்தீர்கள் என்பது. கூர்மையான கேள்வி. எங்கள் கல்லூரிகளின் நூலக அலமாரிகளில் ஊராய்வு என்ற பெயரில் கட்டப்பட்ட ஆய்வேடுகள் அடுக்கடுக்காய்த் தூசி படிந்து கிடக்கின்றன. அவ்வூர்க்காரர் ஒருவர்கூட அவற்றைப் பார்த்ததில்லை. மதிப்பெண் புள்ளிக்காகக் கருத்தரங்கக் கட்டுரை வாசிக்கும் பேராசிரியர்கள், மருந்துக்கடைக்காரர் எழுதிய மலரைக் கண்டு உதட்டைச் சுழிக்கிறார்கள். சுழிப்பதற்கு அவர்களுக்கு உரிமையில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர் அல்லர். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் இன்றி இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் பற்றி இன்று ஒருவரும் ஆராய முடியாது. அவர் எதையும் பெருமைக்கு உரியது, உரியதல்லாதது என்று பிரித்து எறியவில்லை. சேர்த்தார். மன்றங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அவர்தான்.

மூன்றாவது, பழையதைக் கிளறினால் ஊரில் சச்சரவு வரும் என்பது. சச்சரவு இல்லாத ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆண்ட பரம்பரைப் பதாகைகள் கட்டப்படும்போது வராத அச்சம், அடிமைக் கல்வெட்டை அச்சிடும்போது மட்டும் ஏன் வருகிறது?

*

செய்யக்கூடியவை எளியவை. மலரில் எழுதுகிற ஒவ்வொரு கூற்றுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். கல்வெட்டா, பதிவேடா, பாட்டி சொன்னதா? பாட்டி சொன்னது இழிவானதன்று, ஆனால் எந்தப் பாட்டி என்று சொல்லுங்கள். திருப்பணிக்கு முன் கோயிலின் எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் படமெடுங்கள்; கைப்பேசி போதும். கிடைத்த நாணயத்தையும் தாழியையும் வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டிலிருந்தே புதையல் சட்டம் என்ற ஒன்று இருக்கிறது, வட்டாட்சியருக்கு எழுதுங்கள். சேரியைச் சேர்ந்தவர்களை மன்றத்தில் உறுப்பினராக்குங்கள், விழாவுக்குப் பறையடிக்க மட்டும் அழைக்காதீர்கள். அறங்காவலரையும் சாதிச் சங்கத் தலைவரையும் புரவலராக்காதீர்கள். மலரின் தாள் சற்று மட்டமாக இருந்தால் குடிமுழுகாது.

இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணவர்கள் பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டு தம் சுற்று வட்டார ஊர்களைப் பற்றித் தேடி எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளால் முடிகிறது. ஐம்பது வயது பெருமக்களுக்கு முடியாதா?

முடியும். ஆனால் அதற்கு முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். நமக்கு வேண்டியது நம் ஊரில் நடந்ததைத் தெரிந்துகொள்வதா, நம்மைப் பற்றி நாமே மகிழ்ந்துகொள்வதா? பின்னது போதுமென்றால் மன்றம் எதற்கு, மலர் எதற்கு? நல்ல புலவர் ஒருவரைப் பிடித்து இன்னொரு தலபுராணம் பாடச் சொல்லலாம். குறைந்தபட்சம் எதுகை மோனையாவது சரியாக இருக்கும்.